சம்மட்டி போட்ட பிரேக்

சுருள் ஸ்பிரிங் ஒன்று தெறித்து வந்து தாடையில் அறைந்தபோது சம்மட்டிக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருந்த கொக்கி நழுவியது. அவ்வளவுதான், பல் இரண்டு பறந்துபோய்த் தகரக் கூரையில் பட்டு விழுந்தன. மற்றவனாக இருந்தால் அன்றே தொழிலுக்கு முழுக்குப் போட்டிருப்பான். இவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு அந்த ஸ்பிரிங்கை எட்டி உதைத்தான். கால் கட்டைவிரலும் போயிற்று. அதே ஸ்பிரிங்கை அதே வண்டியில் மாட்டி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்தான். ஆள் அப்படி.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். யார் தயவும் இல்லாமல், குவாரிக்கு இறங்கும் பாதையின் உச்சியில் சொந்தப் பட்டறை எழுப்பினான். பெயர்ப் பலகை கிடையாது. எதற்குப் பலகை? கல்லிலும் சேற்றிலும் ஓடும் பிக்கப் வண்டியைத் தரையிலிருந்து உயரமாகத் தூக்கிக் கட்ட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும் என்றால் ஜனங்கள் இவனைத்தான் தேடி வந்தார்கள். இவனைவிடக் கெட்டிக்காரன் இருந்தான் என்று யாராவது சொன்னால், அந்த ஆள் வண்டியே ஓட்டியதில்லை என்று அர்த்தம்.

துருப்பிடித்த போல்ட்டை ஒரே அடியில் கழற்றுவதால் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் கதை. ஆட்களை அடித்ததால் வந்தது. அவன் பார்த்த வேலையைக் குறை சொன்ன ஒரு டிரைவரின் மூக்கை அந்த டிரைவருடைய பானெட்டிலேயே மோதி உடைத்தவன். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வருகிறவர்களிடம் சொல்வார்: "அவன்கிட்ட விட்டா வண்டி நல்லாயிடும். ஆளுதான் ரிப்பேர் ஆயிடுவான்."

ஆனால் பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருந்தான். பிரேக்கில் கை வைத்தவன், வண்டி அந்தப் பாதையில் முதல் முறை இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தன் வேலைக்குத் தன் உயிரே ஜாமீன். மற்ற பட்டறைக்காரர்களை இறக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று மார் தட்டுவான்.

அவன் கை ஓங்காத ஒரே ஆள் அவன் தங்கை. அம்மா அப்பா போன பிறகு அவன்தான் வளர்த்தான். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வளர்ந்த பெண். ஸ்பேனரைத் தடவிப் பார்த்தே நம்பர் சொல்வாள். பிக்கப் ஓட்டும் ஒருவனை அவளே பார்த்து, அவளே கட்டிக்கொண்டாள். சம்மட்டிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கல்யாணத்தை நடத்திவைத்தான்.

ஒரு நாள் காலையில் அந்த மாப்பிள்ளை தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மச்சான், வண்டியத் தூக்கணும். பின்னாடி ஸ்பிரிங் பட்டை சேர்த்து, நீள ஷாக் அப்சார்பர் போடுங்க. முன்னாடி டிரம் பிரேக்கைக் கழட்டிட்டு டிஸ்க் பிரேக் மாட்டுங்க. குவாரில இப்ப ஒசந்த வண்டிக்குத்தான் லோடு குடுக்கிறானுங்க."

தங்கை மறுபக்கம் இறங்கினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பியே நின்றாள். சம்மட்டி அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பினான். இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து கறுத்திருந்தது.

"என்னது இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்தக் கதவு? காட்டு. பேத்துப் போட்டுட்டு வர்றேன்."

மாப்பிள்ளை குறுக்கிட்டான். "குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும் மச்சான். நீங்க வண்டியப் பாருங்க."

சம்மட்டி விட்ட குத்துக்கு மாப்பிள்ளை குனிந்துகொண்டான். குத்து கதவுத் தகரத்தில் இறங்கியது. தகரம் குழிந்தது, விரல் மொளிகள் நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. இடது கையால் மாப்பிள்ளையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து பம்பரில் மோதினான். இன்னொரு முறை மோதினான். புருவம் பிளந்து ரத்தம் ஹெட்லைட் கண்ணாடியில் வழிந்தது. கீழே தள்ளி விலாவில் மிதித்தான். பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்தார். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

முதுகில் இரும்பு விழுந்தது. சம்மட்டி திரும்பினான். தங்கை கையில் ஜாக்கிக் கம்பி.

"விடு அண்ணா."

"இவனுக்காகவா என்னை அடிக்கிற?"

"இன்னிக்கு நீ அவன் எலும்ப ஒடைச்சா, நாளைக்கு அவன் யார் எலும்ப ஒடைப்பான்? நீயா எங்க வீட்ல இருப்ப?" அவள் குரல் உயரவில்லை. "வண்டியத் தூக்கிக் குடு. லோடு கெடைக்கலன்னா அந்தக் கோவமும் எனக்குத்தான் வரும்."

மாப்பிள்ளை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனான். வண்டி பட்டறையில் நின்றது.

வலது கை பந்துபோல் வீங்கியிருந்தது. ஆனாலும் சம்மட்டி வேலையை வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டுகளை அடித்துக் கழற்றினான். ஒவ்வொரு அடியிலும் மாப்பிள்ளையின் மண்டை தெரிந்தது. பட்டைகளைச் சேர்த்து அடுக்கினான். நீள ஷாக்குகளை முடுக்கினான். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் மாட்டினான். அத்தனையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான வேலை.

மிஞ்சியது ஒரு ரப்பர் ஹோஸ். மேலே சேஸிலிருந்து கீழே பின் ஆக்சிலுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோவது அதுதான். வண்டியைத் தூக்கினால் ஆக்சில் கீழே போகும். பழைய ஹோஸ் எட்டாது, நீளமானதாக மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் சமதரையில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும்போது ஹோஸ் பிய்த்துக்கொள்ளும். அந்தப் பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். கீழே பாறை.

நீள ஹோஸ் சுவரில் தொங்கியது. சம்மட்டி அதைப் பார்த்தான். தங்கையின் மூடிய கண்ணை நினைத்தான். பழையதை அப்படியே விட்டுவிட்டு, பிரேக் குழாயில் தங்கிய காற்றை எடுத்து முடித்தான். கொலை என்று அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மாற்றாமல் விட்டது என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டான். முதல் இறக்கத்துக்குக் கூப்பிட்டால் கை வலி என்று சொல்லிவிடலாம். மாப்பிள்ளை தனியாகப் போகட்டும், போய்ச் சேரட்டும்.

வண்டியை எடுக்க மாப்பிள்ளை தங்கையோடு வந்தான். புருவத்தில் தையல். வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏறுங்க மச்சான். உங்க சட்டமாச்சே."

"கை வலிக்குது. நீ மட்டும் போ."

பஞ்சர் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தாடையில் ஸ்பிரிங் அடித்தபோதே வலி என்று சொல்லாத வாய் அது.

மாப்பிள்ளை விடவில்லை. "என்ன மச்சான், சொந்த வேலை மேலயே நம்பிக்கை போச்சா?"

"அண்ணனைச் சீண்டாத," என்றாள் தங்கை. "அவனுக்குப் பதில் நான் உக்கார்றேன். நானும் அந்த ரத்தம்தானே."

சம்மட்டி வாயைத் திறப்பதற்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

சம்மட்டி கைக்கு வந்த பெரிய சுத்தியலை இழுத்துக்கொண்டு ஓடினான். இறக்கம் தொடங்கும் இடத்தில், வண்டிக்கு முன்னால் பாய்ந்து நின்றான். மாப்பிள்ளை நிறுத்தவில்லை, மறுபடி அடிக்க வருகிறான் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தான். பம்பர் சம்மட்டியின் தொடையில் மோதியது. அவன் பானெட் மேல் விழுந்தான். விழுந்த வேகத்தில் சுத்தியலைக் கண்ணாடியில் இறக்கினான். கண்ணாடி உள்ளே கொட்டியது. வண்டி திரும்பி மண் மேட்டில் முட்டி நின்றது.

மாப்பிள்ளை வண்டியிலிருந்த ஜாக்கிக் கம்பியோடு குதித்தான். சம்மட்டியின் தோளில் ஒன்று போட்டான். சம்மட்டி சுத்தியல் பிடியால் அவன் வாயில் குத்தினான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். கண்ணாடித் துண்டுகள் இருவர் முதுகையும் கிழித்தன.

"அடியில போய்ப் பாரு," என்று சம்மட்டி கத்தினான். தங்கைக்குத்தான் சொன்னான். "பின் ஆக்சிலப் பாரு."

அவள் வண்டிக்கு அடியில் நுழைந்தாள். கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. பழைய ஹோஸ் கம்பிபோல் விறைத்து நிற்பதைப் பார்த்துவிட்டாள். அதை மாற்ற மறந்துவிடக்கூடிய ஆள் இல்லை தன் அண்ணன் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னடி அங்க?" என்றான் மாப்பிள்ளை, உடைந்த வாயோடு.

"உன் சாவு," என்றாள். அவன் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கி அவன் முழங்காலில் ஒரே அடி அடித்தாள். அவன் சுருண்டான். அதே கம்பியால் அண்ணனின் வீங்கிய கையில் அடித்தாள். சம்மட்டி வாழ்நாளில் முதல்முறையாக அலறினான்.

"ஒருத்தன் கையால கொல்றான். ஒருத்தன் வண்டியால கொல்றான். என்கிட்ட கேட்டீங்களாடா யாராவது?"

பட்டறைக்குப் போய் நீள ஹோஸைக் கொண்டுவந்து சம்மட்டியின் மடியில் போட்டாள்.

"மாட்டு."

அவன் ஒற்றைக் கையால் மாட்டினான். காற்று எடுக்க அவளே பெடலை மிதித்தாள். மாப்பிள்ளை பஞ்சர் கடை டயர் மேல் உட்கார்ந்து பல்லைத் துப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வரத் துணியவில்லை. வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கில் அவளே உட்கார்ந்தாள்.

"ஏறு, அண்ணா. சட்டம் உன்னுதுதானே."

கண்ணாடியில்லாத வண்டி இறங்கியது. முகத்தில் புழுதி அறைந்தது. பள்ளம் ஒன்றைக்கூட அவள் தவிர்க்கவில்லை. வேண்டுமென்றே ஒவ்வொன்றிலும் இறக்கினாள். அடிவாரத்தில் பாறைக்கு முன்னால் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள். சம்மட்டியின் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. வண்டி நின்றது.

"பிடிக்குது," என்றான் அவன்.

"இறங்கு. உன் வீட்டுக்கும் வரல, அவன் வீட்டுக்கும் போகல. லோடு எடுக்கப் போறேன்."

வண்டி குவாரிக்குள் போய் மறைந்தது. சம்மட்டி நொண்டிக்கொண்டே ஏற்றத்தில் நடந்தான். பாதி வழியில் மாப்பிள்ளை எதிரே நொண்டிக்கொண்டு இறங்கி வந்தான். இருவரும் நின்றார்கள். கை ஓங்க இருவரிடமும் தெம்பு இருந்தது. யாருக்காக ஓங்குவது என்றுதான் தெரியவில்லை.

"எங்க மச்சான் அவ?"

சம்மட்டி அவனைத் தாண்டி நடந்தான்.