அண்டோராவுக்கு ஒரே தடவை

கல்லிடைக்குறிச்சியைச் சுத்தி எந்த வாழைத்தோட்டம் வெட்டுக்கு வந்தாலும் முதல் ஆளாக வரப்பில் போய் நிற்கிறவர் தார் வியாபாரி கருத்தையா. வயசு அம்பத்தெட்டு. வரப்பில் நின்று ஒரு பார்வை, உள்ளே ஒரு நடை, வெளியே வந்து ஒரு விலை. ரெண்டாவது விலை அவர் வாயில் வராது. “கூடக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று தோட்டக்காரன் இழுத்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதை அவர் நாணயம் என்பார். ஊர் திமிர் என்னும். ரெண்டும் சரிதான்.

ஒரே மகன் குமரகுருபரன். சமையல் படிப்பு படித்து, கப்பலில் நாலு வருஷம் குப்பை கொட்டி, பிறகு அண்டோரா என்ற நாட்டில் ஒரு ஓட்டலில் நிலைத்துவிட்டான். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே மலைக்குள் செருகி வைத்த துண்டு நாடு. பாளையங்கோட்டை ஜனம் மொத்தத்தையும் கொண்டுபோய் விட்டால் அங்கே நிற்க இடம் இருக்காது.

மகனோடு கருத்தையா பேசி மூணு வருஷம் ஆகிறது. காரணம் மகள் வயிற்றுப் பேத்தியின் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். “பனிக்காலத்துலதான் இங்க கூட்டம், லீவு தரமாட்டேங்கான்” என்று போனில் சொல்லிவிட்டான் தாய்மாமன். கடைசியில் பங்காளி மகன் பெருமாள்ராஜின் மடியில் வைத்துக் குத்தினார்கள். சம்பந்தி வீட்டுப் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கருத்தையா பார்த்தார். அன்றைக்கு அடைத்த கதவுதான்.

இப்போது அவனுக்குக் கல்யாணம். பொண்ணு அந்த ஊர்க்காரி. பிப்ரவரி இருபதாம் தேதி அப்பாவும் அம்மாவும் வந்தே ஆகணும் என்று தாய் முத்துராணிக்குப் போன் போட்டான்.

“என் பேத்தி காதுகுத்துக்கு வராதவன் கல்யாணத்துக்கு நான் மலையேறிப் போவணுமாக்கும்?”

“நீங்க போவாண்டாம். நான் போறேன்” என்றாள் முத்துராணி.

“நீ எங்கன போவ? மதுரையையே நான் கூட்டிட்டுப் போயில்லாளா பாத்த?”

ஒரு வாரம் கழித்து அவரே வாயைத் திறந்தார். “பாஸ்போர்ட்டை எடு. நானும் வாரேன். அவன் ஊர்க்காரன் அத்தனை பேருக்கு முன்னாலயும் அவனை நிக்க வச்சு, நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கணும்.”

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ரசீத்திடம் போனார்கள். முப்பது வயசுப் பையன். பொறுமைசாலி. மேஜையில் படத்தை விரித்துக் காட்டினான்.

“அங்க பிளேன் இறங்காது அண்ணாச்சி. ரயிலும் கிடையாது. பார்சிலோனால இறங்கி மூணு மணி நேரம் பஸ்ஸு.”

“பிளேன் இறங்காத ஊருக்கு எதுக்குவே இம்புட்டுக் காயிதம்?”

“அண்டோராவுக்குன்னு தனி விசா இல்ல. ஸ்பெயின் விசாவுலதான் போவணும். ஒண்ணு மட்டும் கவனிக்கணும். அண்டோராவுக்குள்ள கால வச்சா, ஸ்பெயின விட்டு வெளிய போயிட்டீங்கன்னு அர்த்தம். திரும்பி வர பிளேன் ஏறணும்னா மறுபடி ஸ்பெயினுக்குள்ள நுழையணும். அதனால ஃபாரத்துல பல தடவை நுழையணும்னு கேட்டு எழுதுவோம்.”

“ஒரு தடவைன்னு எழுதும்.”

“அண்ணாச்சி, நான் சொல்லுதது…”

“நீரு சொல்லுததெல்லாம் கேட்டாச்சு. அந்தப் பக்கம் ரெண்டாம் தடவை நான் தல வச்சுப் படுக்க மாட்டேன். போனமா, கேட்டமா, வந்தமான்னு இருக்கணும். பல தடவைன்னு எழுதுனா பல மடங்கு பீசு வாங்குவீரு. அதான விசயம்?”

“பீஸு ஒண்ணுதான் அண்ணாச்சி.”

“அப்புறம் உமக்கு என்னவே நோவுது? ஒண்ணுன்னா ஒண்ணு.”

ரசீத் மறுபடியும் விளக்கினான். கருத்தையா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரனிடம் காட்டும் அதே மூஞ்சி. கடைசியில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

“பாய், எனக்கு எப்படி எழுதுனா சரியோ அப்படி எழுதுங்க” என்றாள் முத்துராணி.

“எழுதும்வே, எழுதும். வாராவாரம் சந்தைக்குப் போய்ட்டு வாரவ மாதிரி அங்கன போய்ப் போய் வரப்போறா!”

சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தார்கள். முத்துராணி கம்பளிச்சட்டை ரெண்டு வாங்கினாள், பருப்புப்பொடி இடித்தாள், மருமகளுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்தாள். “பேண்ட்டு மாட்டுதவளுக்குப் பட்டு ஒரு கேடு” என்றார் கருத்தையா. தோப்பில் தார் வெட்டுகிற ஆட்களைக் கூட்டி வைத்து, மகனைக் கேட்கப்போகிற கேள்விகளைச் சொல்லிப் பார்த்தார். ஆட்கள் நல்லாச் சிரித்தார்கள். அவருக்கு அது தெம்பாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் வந்தது. ரசீத் ரெண்டையும் திறந்து பார்த்துவிட்டு, அவருடையதைத் தள்ளி வைத்தான்.

“அக்காவுக்குப் பல தடவை. உங்களுக்கு ஒண்ணுதான். பார்சிலோனா வரை போவலாம் அண்ணாச்சி. மலையேறிட்டா திரும்ப முடியாது. இனி புதுசா எழுதிப் போட நாளும் காணாது.”

“நீரு அன்னைக்கே தெளிவாச் சொல்லிருக்கணும்வே!”

முத்துராணி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெளியே போய் நின்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவின் போனில் மகன் வந்தான். அப்பாவின் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகப் பேசினான். “அப்பாவ பார்சிலோனா வரைக்கும் வரச் சொல்லும்மா. ரூம் போடுதேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நாங்க ரெண்டு பேரும் இறங்கி வந்து கும்பிட்டுக்கிடுதோம்.”

கருத்தையாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “துரை கல்யாணத்த முடிச்சிட்டு, ஒழிஞ்ச நேரத்துல வந்து என்னப் பாப்பாராக்கும்! அடுத்தவன் ஊர்ல நான் தனியா லாட்ஜில கிடக்கணுமாக்கும்! டிக்கெட்டக் கிழிச்சுப் போடுளா!”

“கிழிக்கதுக்கு அது காயிதம் இல்ல, போன்லல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு முத்துராணி அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் ரசீத்தின் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். “ரெண்டு டிக்கெட்டையும் ரத்துப் பண்ணும்.”

“உங்களத பண்ணுதேன். அக்காவோடத அக்கா சொன்னாத்தான்.”

“நான் அவ புருசன்வே!”

“தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு உங்க ஃபாரத்துல உங்க பேச்சத்தான கேட்டேன்? அக்கா சமாச்சாரத்துல அக்கா பேச்சத்தான் கேப்பேன்.”

வீட்டுக்கு வந்தபோது முத்துராணிக்குச் சேதி தெரிந்திருந்தது. பெட்டியை நடுவீட்டில் திறந்து வைத்து, சேலைக்குள் பருப்புப்பொடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என் டிக்கெட்டையும் நிறுத்தச் சொன்னீங்களாமே?”

“நான் இல்லாம நீ போனா ஊரு என்ன பேசும்?”

“நீங்க ஏன் போவலன்னுதான் பேசும்.” அவள் நிமிரக்கூட இல்லை. “பேத்தி காதுல புண்ணு ஆறி, கம்மலு போட்டு, அதயும் தொலைச்சு, வேற வாங்கியாச்சு. மூணு வருசமா உங்களுக்குத்தான் ஆறல. நீங்க அங்கன வந்து அவனக் கேவலப்படுத்தறதுக்கு வராமலே இருக்கலாம்.”

முப்பத்தஞ்சு வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கருத்தையா சட்டையை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

அவள் கிளம்பின நாளும் அவர் வீட்டில் இல்லை. மகள்தான் வாகைக்குளம் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டாள். அவர் வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், தார் சிறுத்துக் கிடக்கிறது என்று தோட்டக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். தார் ஒன்றும் சிறுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. மகன் நம்பர். வெட்டிவிட்டார். மறுபடி அடித்தது. வெட்டினார். மூணாவது தடவை எடுத்துக் காதில் வைத்தார்.

“அப்பா, அம்மா வந்து சேந்துட்டா. இந்தா பக்கத்துலதான் இருக்கா. நீங்களும் வந்திருக்கலாம்லாப்பா.”

“அவளுக்கு மலைப்பாதையில பஸ்ஸு ஒத்துக்கிடாது. வயித்தப் பொரட்டும். மொதல்ல சூடா ஏதாவது குடுலே.”

“குடுத்துட்டேன்பா.”

“சரி, வையி.”

போனைப் பைக்குள் போட்டுத் திரும்பினார். லாரி மேலே நின்ற ரெண்டு பேரும் தாரைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னலே வாயப் பாக்கிய? அடுக்குங்கலே!”