மகளுக்காகக் கம்பெனி விசாரித்தது

மகள் பி.காம். முடித்து வேலை தேடினாள். இன்டர்வியூவுக்கு முன் கம்பெனியைப் பற்றி நன்றாக விசாரிக்க வேண்டும் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் போனை நீட்டினாள். தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனி. அக்கவுண்ட்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள். 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று எழுதி, கீழே மேனேஜர் சிரிக்கிற படம்.

என்னை வெளியே அனுப்பியவன்.

அங்கே பேக்கிங்கில் இருந்தேன். ஆயுத பூஜைக்கு மெஷினை நாங்களே கழுவிச் சந்தனம் வைப்போம். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். நானும் வைப்பேன். பூஜை முடிந்ததும் மேனேஜர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுப்பான். பெயரைக் கூப்பிடாவிட்டால் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்ல மாட்டான். பாத்ரூம் போக ஏன் விட மாட்டேன் என்கிறீர்கள் என்று நான் கேட்டிருந்தேன். அந்த வருடம் கடைசிவரை நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே லைட்டை அணைக்கச் சொன்னான்.

“விசாரிக்கணும்னியே, வா” என்று மகளைக் கூட்டிப்போனேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம். என்னைப் போலவே பெயர் கூப்பிடாமல் விட்ட பெண்கள். எல்லோரும் அந்தப் பாத்ரூம் கதையையும் ஸ்வீட் பாக்ஸ் கதையையும்தான் சொன்னார்கள்.

“அந்தப் பாவிகிட்டயா பொண்ண அனுப்புற? ஒனக்கு மூள கீள கெட்டுப்போச்சா?” என்றாள் ஒருத்தி.

“இதையெல்லாம் அவன்கிட்டயே சொல்லிட்டு வரத்தான் அனுப்புறேன்.”

மகளுக்குக் கோபம். “எனக்கு வேல வேணும்மா. ஒன் சண்டைய நீ போயி போடு.”

“என்ன கேட்டுக்குள்ளயே விட மாட்டான். ஒன்னத்தான் சேர் போட்டு ஒக்கார வெப்பான்.”

இன்டர்வியூ அன்று கேட்டுக்குள் போனாள். எதிர்ப்பக்க டீக்கடையில் காத்திருந்தேன். முகம் சிவந்து வந்தாள்.

“என்ன கேட்டான்?”

“எங்க கம்பெனியப் பத்தி என்னா தெரியும்னாரு. போட்டோவுல மாதிரியே சிரிச்சாரு. பொறுக்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒம் பேரையும் சொன்னேன்.”

“அவன்?”

“ஓனர் மவன் பக்கத்துல இருந்தாரு. அவரு இவரையே பாத்தாரு. இவரு தண்ணி எடுத்துக் குடிச்சாரு.”

“முழு கிளாஸா?”

“ஆமாம்மா. வேல போச்சு. சந்தோசமா?”

“ஆமா.”

பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

இன்னும் வேலை அமையவில்லை. இப்போது எந்தக் கம்பெனிக்கு எழுதிப்போடுவதென்றாலும் முதலில் என்னிடம் வருகிறாள்.

“இங்க யார்கூடயாவது ஒனக்குப் பகை இருக்குதா? இப்பவே சொல்லிடு.”

“அந்த ஒருத்தன்தான்” என்றேன். “அதுவும் இன்னும் தீரல.”