லியோகாடியாவுக்கு முன்வரிசை நாற்காலி

எங்கள் தெருவில் லியோகாடியா அளவுக்கு வேகமாகப் பாதாம் உடைக்க ஆள் கிடையாது. வாயும் அதே வேகம்தான். அவள் புருஷன் எலோய் ஊர் பேண்டில் முரசு அடிப்பவன். "வீட்டிலயும் அடிப்பானாடி?" என்று ஒருத்தி சீண்டினாள். "வீட்டுல அடிக்கிறது நானு" என்றாள் இவள்.

அவளுடைய ஒரே பிள்ளை பாவ், நடக்கப் பழகுமுன் காய்ச்சலில் போய்விட்டான். பச்சைக் குழந்தை செத்தால் எங்கள் ஊரில் அழக்கூடாது. வெள்ளை உடுத்தி, பூமுடி சூட்டி, மேஜையில் கிடத்தி, அதற்கென்றே உள்ள மெட்டை வாசித்து ஆடுவோம். குழந்தை தேவதையாகப் போகிறது, தாய் அழுதால் இறக்கை நனைந்து பறக்க முடியாது என்பார்கள். லியோகாடியா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் வறுத்த பாதாமும் மதுவும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று மாட்ரிட்டிலிருந்து வந்திருந்த இசையமைப்பாளர் ஒருவர் வாசலில் நின்று அந்த மெட்டைக் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், போகும்போது அவள் கையை முத்தமிட்டார்.

பல வருஷம் கழித்து அந்த மெட்டு பெரிய வாத்திய இசையாகித் திரும்பி வந்தது. பாரிஸில்கூட எழுந்து நின்று கைதட்டினார்களாம். திருவிழாவில் எங்கள் பேண்டும் அதை வாசிப்பதாக ஏற்பாடு. லியோகாடியா என்னையும் இழுத்துக்கொண்டு பேண்டு வாத்தியார் போனிஃபாசியிடம் போனாள்.

"வாத்தியாரே, அது மட்டும் வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னம்மா இது! சந்தோஷமான மெட்டுதானே? ஊருக்கே பெருமை. உனக்கு முன்வரிசையில நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

பெருமையாம் பெருமை! எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் மேயர், பாதிரியார், ஊரே அவர் பக்கம் நிற்க, நான் எதைச் சொல்ல?

வீட்டில் புருஷனிடம் கெஞ்சினாள். "நீ அடிக்காதய்யா."

"நான் அடிக்கலேன்னா வேற ஒருத்தன் அடிப்பான்டி" என்றான் எலோய்.

திருவிழாவன்று அவள் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வாத்தியாரே வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தார். பக்கத்தில் நான். மெட்டு தொடங்கியது. பாதிவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று உடைந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தனை வருஷத்து அழுகை. முடிந்ததும் வாத்தியார் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பாருங்க, அம்மா ஆனந்தக் கண்ணீர் விடறாங்க! இவங்களுக்காக இன்னொரு தடவை!"

சதுக்கமே கைதட்டியது. எலோய் தலையைக் குனிந்தபடி மறுபடி அடிக்கத் தொடங்கினான். லியோகாடியா என் கையை இறுகப் பற்றினாள்.

"அக்கா, அழுதுட்டேனே. அவன் பறந்திருப்பானா?"

"எப்பவோ பறந்துட்டான்டி" என்றேன். முரசுச் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை.