கொண்டையில் ஒரு பென்சில்

நெஞ்சுநோய்ப் பிரிவில் அவளை எல்லாரும் பென்சில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். புதிதாக வந்த நர்ஸ்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருத்தி தானும் அதேபோல் செருகிக்கொண்டு வந்து, தலைமை நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அக்காவின் வேலை ஸ்கோப் அறையின் மூலையில். நோயாளியின் வாய்வழியாக டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூச்சுக்குழலுக்குள் விடுவார். அதன் நுனியில் விரல்நகம் அளவுக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி உண்டு. வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கேன்தான், உள்ளே போய்ப் பார்க்கிறது. மூச்சுக்குழலின் சுவருக்கு அந்தப் பக்கம் வீங்கியிருக்கும் நெறிக்கட்டி திரையில் தெரியும். அங்கேயே ஊசியை விட்டுக் கொஞ்சம் சதையை இழுத்துவிடுவார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். தொண்டை மரத்துப்போக அடிக்கிற மருந்தின் கசப்பு மட்டும் மறுநாள் வரைக்கும் போகாது.

ஊசியில் வந்ததை அக்கா கண்ணாடித் தகட்டில் தடவி, தகட்டின் சொரசொரப்பான ஓரத்தில் பெயரை எழுதி, ஸ்பிரிட் ஜாடியில் போடுவாள். பென்சிலால்தான் எழுத வேண்டும். இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. அக்காவே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

அப்படியிருந்தும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் பேனாவால் எழுதினாள். காலையில் மகள் படம் வரைகிறேன் என்று கோட்டுப் பையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அறையில் ஏழு கேஸ் வரிசையில் நின்றது. மேஜையில் ஒரு தடித்த பேனா கிடந்தது, அழியாது என்று அதன் மூடியிலேயே போட்டிருந்தது. தண்ணீரில் அழியாதுதான். ஸ்பிரிட்டில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, கழுவிய ஜாடி வர நேரமாகிறதே என்று இரண்டு பேருடைய தகடுகளையும், ஆளுக்கு நாலு, ஒரே ஜாடியில் போட்டாள்.

ஒருவர் வெல்டர், ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருஷமாகச் சிகரெட்டை விடாதவர். இன்னொருத்தி பள்ளிக்கூட டீச்சர், முப்பத்துநாலு வயது, சிகரெட் புகை பட்டாலே மூக்கைப் பொத்துகிறவள். இரண்டு பேருக்குமே இருமல், நெஞ்சுக்குள் வீங்கிய கட்டி.

ஜாடியைத் திறந்தபோது ஸ்பிரிட் நீலமாக இருந்தது. எட்டுத் தகட்டில் ஒன்றில்கூட எழுத்து இல்லை. அக்கா தகடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நாலு தகட்டில் புற்றுநோய் அப்பட்டமாகத் தெரிந்தது. மற்ற நாலில் அது இல்லை. ஊசியில் வந்ததெல்லாம் தகட்டுக்கே சரியாகப் போயிருந்தது. தனியாக எடுத்துவைக்க மிச்சம் எதுவுமில்லை.

பக்கத்தில் நின்ற நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? முப்பது வருஷம் ஊதினவர் யாருன்னு நமக்குத் தெரியாதா? அந்த நாலுல அவர் பேரை எழுதுங்க, முடிஞ்சுது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

"அப்புறம் என்ன?"

"தோணறதை எழுதறதுக்கு எதுக்குடி அவங்களை ஊசியால குத்தணும்?"

சொல்லிவிட்டாளே ஒழிய, கால் நகரவில்லை. எட்டு வருஷத்து நல்ல பெயர். எழுதிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அவளுக்கு அழுகையாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போய், பூசி மெழுகாமல் சொன்னாள்.

டாக்டர் கத்தவில்லை. "ரெண்டு பேருக்கும் மறுபடியும் பண்ணணும். ஏன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

"அந்தக் கசப்பு மருந்தை மறுபடியும் அடிப்பாங்களா?" என்று மட்டும் டீச்சர் கேட்டாள். வெல்டர் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, என் தொண்டை என்ன உங்களுக்குப் பழகிப் பாக்கற எடமா? ஒரு பேரை உருப்படியா எழுதத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு வெள்ளைக் கோட்டு?"

அக்கா தலைகுனிந்து நின்றாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்தார்கள். தனித்தனி ஜாடி. பென்சில். அக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள், எடுத்தாள், பெயரைப் பார்த்தாள், மறுபடியும் கண்ணை வைத்தாள். புற்றுநோய் டீச்சருக்கு. வெல்டருக்குக் காசநோய், ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டால் தீர்ந்துவிடும்.

அன்று மத்தியானம் அவளால் சாப்பிட முடியவில்லை. நர்ஸ் சொன்னபடி எழுதியிருந்தால் டீச்சரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். வெல்டருக்கு இல்லாத நோய்க்கு மருந்தை ஏற்றியிருப்பார்கள். தன் கையெழுத்தில்.

டீச்சருக்கு அந்த வாரமே சிகிச்சை தொடங்கியது. நாலு வருஷம் பாடம் நடத்தினாள், அப்புறம் முடியவில்லை. அவள் இறந்த செய்தி வந்த அன்று அக்கா கழிப்பறையில் போய் நின்று அழுதாள்.

வெல்டர் குணமாகிவிட்டார். ஆனால் கோபம் குணமாகவில்லை. மருத்துவமனைப் பக்கம் எப்போது வந்தாலும் அறைக்குள் எட்டிப்பார்த்து, "என்னை ரெண்டு தடவை குத்த வெச்ச அம்மா இன்னும் இங்கதான் இருக்கா?" என்பார். இரண்டாவது தடவை குத்தியது ஏன் நல்லதாகப் போயிற்று என்று அக்காவால் அவரிடம் சொல்ல முடியாது. அது இன்னொருவரின் நோய், வெளியே பேசக்கூடாது. இவள் சிரித்துக்கொண்டே திட்டை வாங்கிக்கொள்வாள். அவர் தெம்பாகத் திட்டுவதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

போன வாரம் அவர் தன் மச்சானை அழைத்துக்கொண்டு வந்தார். அதே இருமல், அதே பரிசோதனை. கதவருகில் நின்று மச்சானின் காதில், ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"உள்ள ஒரு அம்மா இருப்பாங்க. பென்சிலாலதான் எழுதறாங்களான்னு பாத்துக்கிட்டு அப்புறமா வாயைத் திற."

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். தகட்டின் ஓரத்தில் மச்சானின் பெயரை எழுதி, கதவருகே கொண்டுபோய் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதும்மா" என்றார்.

அவள் அழுத்தி எழுதினாள்.