பதின்மூன்றாவது எட்டு

இது நடந்தது. ஜோடித்துச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உயர்நிலைப் பள்ளியில் குழு நடனம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நான் ஆடிக்காட்டி, அவர்கள் பார்த்து ஆடுகிற கதையெல்லாம் என்னிடம் இல்லை. ஆளுக்கு எட்டு எண்ணிக்கை கொடுத்துவிடுவேன். ஒன்றிலிருந்து எட்டு எண்ணி முடிப்பதற்குள் என்ன அசைவு வேண்டுமோ அதை அவர்களே அமைக்க வேண்டும். ஒருவர் அமைத்ததை மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கோத்தால் நடனம் தயார். எங்கள் பேச்சில் அதற்கு 'எட்டு' என்றே பெயர். இந்த வருடம் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு எட்டு. ஒருவருடையதைக்கூட வெட்டமாட்டேன். அது என் சட்டம்.

ஏழாவது எட்டு ஆமையுடையது. அந்தப் பட்டப்பெயரை அவளே வைத்துக்கொண்டாள். எதை ஆடினாலும் அரைத் தாளம் பிந்தித்தான் ஆடுவாள். "முந்தினாதான் தப்பு மிஸ், பிந்தினா ஸ்டைல்" என்று வியாக்கியானம் வேறு. ஆனால் பன்னிரண்டில் அவள் எட்டுதான் அழகு.

புதிதாக வந்த தலைமை ஆசிரியைக்கு அவள் கண்ணை உறுத்தினாள்.

"அந்தப் பொண்ணை உக்கார வச்சிடுங்க டீச்சர். பதினொரு பேர் போதும்."

"அவ உக்காந்தா நானும் உக்காந்துடுவேன் மேடம்."

"வெள்ளிக்கிழமை விழாவுல பாக்குறேன். அன்னைக்கும் பிந்தினா, அப்புறம் அவ குழுவுல இல்லை."

செவ்வாய்க்கிழமை. மாலை 4.50. முதல் முறையாக முழு நடனத்தையும் பள்ளி மேடையில் ஓட்டினோம். பன்னிரண்டாவது எட்டு முடிந்தது. பாட்டு நின்றது.

அவர்கள் நிற்கவில்லை. பன்னிரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். பாட்டே இல்லாமல் இன்னொரு எட்டு. மரப்பலகையில் காலடி மட்டும். அப்புறம் சட்டென்று நின்றார்கள்.

"அது யாரோட எட்டு?"

முழித்தார்கள். "எது மிஸ்? பாட்டு முடிஞ்சதும் நின்னுட்டோமே."

என் காலை வாருகிறார்கள் என்று நினைத்தேன். அந்த வயசு அப்படி.

புதன்கிழமை. 5.12. மறுபடியும் அதே. இந்த முறை கால்களை மட்டும் பார்த்தேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பன்னிரண்டு பேர் சேர்ந்து அடி வைத்தால் எங்கேயாவது ஒரு சின்னச் சிதறல் கேட்கும். கேட்டே தீரும். இதில் கேட்கவில்லை. ஒரே ஆள் வைக்கிற மாதிரி... தொம். தொம். தொம்.

ஆமை பிந்தவில்லை.

முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். "கடைசியில மட்டும் எப்படிடி சரியா ஆடின?"

"அம்மா சத்தியமா மிஸ்... நான் சும்மா நின்னுட்டுதான் இருந்தேன்."

அவள் பொய் சொல்லுகிறபோது மூக்கைத் தடவுவாள். தடவவில்லை.

வியாழக்கிழமை பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். 5.30. ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. மேடையில் நான் மட்டும். பின்னால் கறுப்புத் திரை. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வாரக்கணக்கில் பாடுபட்டு அந்தப் பிள்ளைகள் அமைத்தது. அதில் வால் ஒட்ட யார் இது?

"யாரா இருந்தாலும் கேட்டுக்கோ" என்றேன், சத்தமாக. "இது என் கிளாஸ். ஆடணும்னா பேரைச் சொல்லிட்டு வரிசையில நில்லு. என் பிள்ளைங்க உருவத்தைத் தொடாதே."

ஒன்றும் இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை.

5.34.

திரைக்குப் பின்னால்... தொம்.

ஒன்று.

இரண்டு. மூன்று. திரை அசையவில்லை. சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

நான்கு. ஐந்து.

ஆறு...

ஏழு. என் முதுகுக்கு மிக அருகில்.

எட்டாவது கேட்கவில்லை.

என் குதிகாலுக்கு அடியில் பலகை அமுங்கியது.

திரும்பவில்லை. பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "எட்டு முடிஞ்சுது. இறங்கு" என்றேன்.

பலகை மெல்ல மேலே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பாட்டு நின்றதும் யாரும் மேடையில் நிற்கக் கூடாது. இடது பக்கமாக ஓடி வெளியே வந்துவிட வேண்டும்.

11.20. திரை விலகியது. அரங்கின் கடைசியில், ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் நின்று எண்ணினேன். ஏழாவது எட்டு. ஆமை பிந்தினாள். அரைத் தாளம், அச்சு அசலாக.

பன்னிரண்டு. பாட்டு நின்றது.

ஓடவில்லை. பன்னிரண்டு பேரும் மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பினார்கள்...

தொம். தொம். தொம்.

எட்டு முடிந்தது. அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இவ்வளவு சொல்லியும் நின்றிருக்கிறார்களே என்று மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழிக்கு ஓடினேன்.

பன்னிரண்டு பேரும் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. சிலர் ஒப்பனையைக்கூடத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாட்டு நின்னதும் ஓடி வந்துட்டோம் மிஸ்" என்றாள் ஆமை. கண் கலங்கியிருந்தது. "ஏழாவதுல பிந்திட்டேன். என்னை எடுத்துடுவாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தலைமை ஆசிரியை வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"நடுவுல பிந்தினா. ஆனா கடைசி எட்டு பிரமாதம் டீச்சர். அவளை வச்சுக்கோங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மனசு வரவில்லை. என் பிள்ளையின் இடத்தை வேறு எதுவோ ஆடிச் சம்பாதித்துத் தர வேண்டியதில்லை.

"கடைசியில ஆடினது அவ இல்லை மேடம். நடுவுல பிந்தினாளே, அதுதான் அவ. வச்சுக்கிறதா இருந்தா அந்தப் பொண்ணை வச்சுக்கோங்க."

"என் கண்ணால பாத்தேன் டீச்சர். போன்லயே எடுத்திருக்கேன், பாருங்க."

ஆமை இன்றும் குழுவில் இருக்கிறாள். இன்றும் பிந்துகிறாள். தலைமை ஆசிரியை அதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. காரணம், அந்தப் பதிவை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

பாட்டு நிற்கிறது. பன்னிரண்டு பேரும் இடது பக்கமாக ஓடி மறைகிறார்கள். வெறும் மேடை. கறுப்புத் திரை. காலடிச் சத்தம்கூட இல்லை. மூன்று நொடி... நான்கு நொடி...

பிறகு, பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் தலைமை ஆசிரியை பேசுகிற குரல்.

"அந்தப் பொண்ணைப் பாருங்க. இப்ப எவ்வளவு சரியா ஆடுறா."