மீன் தண்ணி குடித்த கடதாசிப் பூ மரம்

காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து குசினியில் வைப்பேன். கந்தோருக்கு வேலைக்குப் போக நான் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளும் நேரம்தான் மாமி அந்த மீனைக் கழுவி முடிக்கிற நேரம். இரத்தமும் செவுளும் குடலும் செதிலும் மிதக்கிற பேசின் தண்ணியை, ஒரு சொட்டும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போய், மதிலோரம் நிற்கும் என் கடதாசிப் பூ மரத்தின் அடியில் கவிழ்ப்பார். ச்சீ! என்ன நாற்றம் அது! பின்னேரம் நான் திரும்பி வரும்போது, பகல் முழுக்க வெயில் குடித்து அது இன்னும் முற்றியிருக்கும். அடித்தண்டில் செதில்கள் ஒட்டிக் காய்ந்திருக்கும். அவற்றின் மேல் பச்சை ஈ மொய்க்கும். இந்த வாசலால்தான் நான் தினமும் போய் வர வேண்டும்.

என் மரம் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். நான் மருதமுனையிலிருந்து ஒரு பை உடுப்போடு கல்முனைக்குடிக்கு வந்தவன். வீடு மனைவியுடையது, வளவு மாமியுடையது, கிணறும் முருங்கையும் தேசி மரமும் எனக்கு முன்பே அங்கு நின்றவை. கந்தோரில் என்னோடு வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பன், தன் வீட்டு மதிலில் சிவந்து கொட்டிக் கிடந்த கடதாசிப் பூவில் ஒரு தடி வெட்டித் தந்தான். அதை நட்டேன். இந்த வளவுக்குள் நான் கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

மாமிக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதை. இந்தக் காலத்தில் மாமிமார் மருமகன்மாரோடு வாட்ஸ்அப்பில் கதைக்கிறார்கள், என் மாமி பழைய ஆள். என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதை, எனக்கும் கேட்கிற சத்தத்தில் மகளிடம் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் போய், மாமி, உங்கள் மீன் தண்ணி நாறுது என்று எந்த மருமகன் சொல்வான்?

மரமோ பூத்துத் தொலைக்கவில்லை. இலை, இலை, இலை. நடுவில் விரல் நீளத்துக்கு முள். கொழுத்த தளிர்களில் வெள்ளை மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. அதிலிருந்து வடிகிற பிசின் அடியில் நிற்கும் என் மோட்டார் சைக்கிள் சீற்றில் விழுந்து, கறுத்துப் பிசுபிசுத்தது. சவர்க்காரத் தண்ணி அடித்தேன், துணியால் துடைத்தேன். பூச்சி நசுங்கி விரல் எல்லாம் வழவழத்தது. பிறகு பச்சைப் புழு வந்தது. இலையின் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டு, கறுப்புக் கடுகு போலப் பீயைக் கொட்டிவிட்டுப் போனது. குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது. புது மருமகனிடம் கார் இருக்கிறதாம். கார் உள்ளே வர வேண்டுமென்றால் கேற்றை அகலமாக்க வேண்டும். கேற்றின் ஒரு பக்கம் முருங்கை, மறுபக்கம் என் மரம். கதவுக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது.

"இஞ்ச பாருகா, பூக்காத மரம் வாசல்ல என்னத்துக்கு? ஹஜ்ஜுப் பெருநாள் முடிய மேசன் வாறார். அந்தப் பக்கத்த இடிக்கட்டும். முருங்கை எண்டாலும் காய்க்கிது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் வாசற்படி மிதிக்காத ஒருவனின் காருக்காக நான் நட்டதைப் பிடுங்குவதா? தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் தடி தந்த நண்பனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவன் கேற்றடியிலேயே லேஞ்சியால் மூக்கைப் பொத்தினான்.

"என்னடா மச்சான், ஆரும் செத்துக் கிடக்கிறாங்களா?"

விசயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், இது பட்டினி கிடந்தாத்தான் பூக்கும். நல்லா வெயில் வேணும், மண் காய வேணும். இப்பிடித் தீனி போட்டா இலையும் முள்ளும்தான் வரும். முதல்ல இந்தக் கண்றாவிய நிப்பாட்டு."

இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் மெதுவாக எடுத்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உம்மா உங்கட மரம் எண்டுதான் பாத்துப் பாத்து ஊத்துறா. முருங்கைக்குக் கூட இவ்வளவு ஊத்துறல்ல. மருமகன்ட மரம் பூக்கல்லையே எண்டு அவக்குத்தான் கவல. நான் எப்பிடி வேணாமெண்டு சொல்ற?"

நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

சொல்ல முடியாததைச் செய்து பார்த்தேன். சந்தையிலேயே மீனை வெட்டிக் கழுவிக்கொண்டு வரத் தொடங்கினேன். வீட்டில் கழுவ ஒன்றும் இல்லையென்றால் ஊற்றவும் ஒன்றும் இருக்காதே. "சந்தையில வெட்டின மீனுல என்ன ருசி இரிக்கி?" என்று கதவு முணுமுணுத்தது. உம்மாவுக்கு லேசாக இருக்கட்டுமே என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

ஒரு லீவு நாளில் மரத்தடியைக் கிண்டினேன். அல்லாஹ்வே! மேல் மண்ணைப் புரட்டியதும் வெள்ளைப் புழு நெளிந்து குமிந்தது. அதற்குக் கீழே கறுத்த சேறு, அதற்குள் பாதி அழுகிய செவுள்கள். கிணற்றடிக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தேன், திரும்பி வந்து மீண்டும் கிண்டினேன். வேரில் படாமல் அந்தச் சேற்றை வழித்து எடுத்துப் புதைத்துவிட்டு, மணலும் உடைந்த செங்கல்லும் போட்டு நிரப்பினேன். ஓங்கி வளர்ந்த கிளைகளைக் கத்தரித்தேன். தண்ணியை நிறுத்தினேன்.

கச்சான் காற்று சுட்டுக்கொண்டு அடித்தது. இலைகள் சுருண்டு தொங்கின, பாதி கொட்டியது. கதவுக்குப் பின்னால் ஒரே புலம்பல்.

"மரம் சாகுதுகா! ஒரு வாளித் தண்ணி ஊத்தட்டா எண்டு கேளு."

வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். எனக்கும் பயம்தான். செத்துவிட்டால் மேசனுக்கு வேலை லேசு.

பெருநாள் நெருங்கியபோது கிளை நுனிகளில் சிவப்பு எட்டிப் பார்த்தது. பிறகு நிற்கவேயில்லை. இலை தெரியாமல் மதில் முழுக்கப் பூ. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பெருநாள் தொழுகை முடிந்து, குர்பான் இறைச்சியும் பங்கு வைத்தாயிற்று. நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் மாமி. கதவு இல்லை, மகள் இல்லை, என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். கையில் பெரிய பேசின்.

"மகன், உங்கட மரம் பூத்திட்டு. முருங்கைப் பக்கத்த இடிக்கச் சொல்லி மேசனுக்குச் சொல்லியிட்டன்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னோடு கதைத்த முதல் கதை அது.

"நான் அண்டைக்கெல்லாம் ஊத்தின தண்ணி வீண் போகல்ல, பாத்தீங்களா?" அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. பேசினைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். மாட்டுக் குடல் கழுவிய தண்ணி. பச்சையாகச் சாணி கரைந்து, மேலே கொழுப்புத் திட்டுத் திட்டாக மிதந்தது. அந்த வீச்சம் நேரே என் மூக்கில் ஏறியது. "இதையும் ஊத்தட்டா மகன்?"

வேண்டாம் மாமி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஊத்துங்க மாமி" என்றேன்.

அவர் குனிந்து, அடித்தண்டைச் சுற்றி நிதானமாக ஊற்றினார். நான் பெருநாளுக்கு உடுத்த வெள்ளைச் சாரம் முழங்கால் வரை தெறித்து நனைந்தது.