அவர் தட்டிய தகரம்

நானும் என் கணவரும் ஒரே இசைப் பள்ளியில் வேலை பார்த்தோம். எனக்குப் பாட்டு, அவருக்கு மிருதங்கம். மேடையில்தான் ஜோடி, வீட்டில் பேச்சே கிடையாது. மலைமேல் ஜமுனாமரத்தூரில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது, இனி இவரோடு இருப்பதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

எழுபதுகளில் மலைக்கு ஒரே பஸ்தான். வழியில் பாறை சரிந்து அதுவும் நின்றுவிட்டது.

"ஒரு பாட்டு பாடுங்கம்மா, புள்ளைங்க பயந்து அழுவுதுங்க" என்றாள் எங்கள் கச்சேரியைக் கேட்டிருந்த பக்கத்து சீட்டுக்காரி.

அவரைத் தடுமாற வைக்கவே, வழக்கமாகத் தொடங்கும் இடத்தை விட்டு, தாளத்தில் வேறு இடத்தில் பாட்டை எடுத்தேன். பின்சீட்டில் இருந்த என் கணவர் என் சீட்டுத் தகரத்தில் தட்டிக்கொண்டு, பிசகாமல் கூடவே வந்தார். நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்காத மனுஷனுக்கு, நான் எங்கே மூச்சு வாங்குவேன் என்று தெரிந்திருக்கிறது! வேறு யாரோடு பாடுவேன்?

சாயங்காலம் பாறையைத் தள்ளிவிட்டார்கள். எல்லோருக்கும் வழி திறந்தது. எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் அடைபட்டது.